பிரித்தானிய நாணயக் கண்காட்சிகளும் வரலாற்றுச் சான்றும்: வகைப்பாடு, தேய்மானம், கிடைப்பிடம்

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானிய நாணயங்களைச் சேகரிப்போர் கூடும் இடம் நாணயக் கண்காட்சி. அங்கு விற்பனைக்கு வைக்கப்படும் காசுகள் வரலாற்றாய்வுக்குப் பயன்படும் மூலப்பொருள்களுமாகும். ஆயினும் அவை சேகரிப்பாளரின் விருப்பத்திற்கும் வணிகரின் வசதிக்கும் ஏற்பத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆட்சியாளர் பெயரின்கீழ் வரிசைப்படுத்தப்பட்டவை. இத்தேர்வும் வரிசையும் காசு புழங்கிய இடத்தையும் கிடைத்த இடத்தையும் மறைத்துவிடுகின்றன. இலங்கைக்கென அச்சிடப்பட்ட அரைப் பார்த்திங், சென்னை மாகாணத்திற்கென அச்சிடப்பட்டு இங்கிலாந்துக் கடலில் மூழ்கிய 1808-ஆம் ஆண்டுக் காசு ஆகிய இரண்டையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு இக்கட்டுரை இச்சிக்கலை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நாணயவியல், நாணயக் கண்காட்சி, தேய்மானம், கிடைப்பிடம், சோஹோ அக்கசாலை, அட்மிரல் கார்ட்னர், காசு, பார்த்திங்.

1. முன்னுரை

எழுத்தும் உருவமும் உலோகமும் ஒருங்கே அமைந்த வரலாற்று ஆவணம் நாணயம். கல்வெட்டு நின்ற இடத்திலேயே நின்று பேசும். நாணயமோ கைமாறிக்கொண்டே இருப்பது. ஆகவே ஒரு காசு எங்கே கிடைத்தது, எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்னும் செய்தி, அக்காசின் மீதுள்ள எழுத்துக்கு நிகரான சான்றாகிறது. வெள்ளலூரிலும் கரூரிலும் கிடைத்த உரோமானியக் காசுகள் தமிழக வணிக வரலாற்றில் பெறும் இடம், அவை உரோமானியக் காசுகள் என்பதால் மட்டும் கிடைத்ததன்று. அவை கிடைத்த இடம் அறியப்பட்டிருப்பதே அவற்றின் சான்றுத் தகுதிக்கு அடிப்படை.

பிரித்தானிய நாணயங்களைப் பொறுத்தவரை, ஆய்வாளர் அவற்றை நேரில் கையிலெடுத்துக் காணும் வாய்ப்பு அருங்காட்சியகங்களைவிடக் கண்காட்சிகளிலேயே மிகுதி. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு அப்பால் ஒரு பக்கத்தை மட்டும் காட்டிக் கிடக்கும் காசு, கண்காட்சியில் உள்ளங்கைக்கு வருகிறது. இவ்வாய்ப்பு பெரிது, எனினும் இதில் ஓர் இடர் உண்டு. கண்காட்சியின் தட்டில் உள்ளவை ஒரு காலத்தின் புழக்கத்தைக் காட்டும் மாதிரிகள் அல்ல. அவை பலமுறை சலிக்கப்பட்ட எச்சங்கள். அச்சலிப்பின் இயல்பை அறிந்தால்தான் அவற்றைச் சான்றாகக் கொள்ள இயலும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. கண்காட்சியின் அமைப்பு

இங்கிலாந்தில் நாணயக் கண்காட்சிகள் நிலைபெற்ற ஒரு வணிக மரபு. யார்க் நகரின் குதிரைப் பந்தயத் திடல் வளாகத்திலும், பர்மிங்காமுக்கு அருகேயுள்ள தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியக வளாகத்திலும் இவை வழக்கமாக நடைபெற்று வருகின்றன. 1973-இல் தோன்றிய பிரித்தானிய நாணய வணிகர் சங்கம் இலண்டனில் ‘காயினெக்ஸ்’ என்னும் கண்காட்சியை நடத்துகிறது. ஒவ்வொரு வணிகருக்கும் ஒரு மேசை, மேசை மீது கண்ணாடி மூடிய தட்டுகள், ஒவ்வொரு குழியிலும் ஒரு காசு, அதனடியில் சிறு விவரச்சீட்டு என்பது பொது அமைப்பு.

தட்டுகளின் வரிசைமுறை கவனிக்கத்தக்கது. முதலில் சம்மட்டியால் கையடியாக அடிக்கப்பட்ட காசுகள். அடுத்து, இரண்டாம் சார்லஸ் காலத்தில் நிலைபெற்ற இயந்திர அச்சுக் காசுகள். அதனுள் அரசர் வரிசை. அரசருள் உலோக வரிசை. உலோகத்துள் மதிப்பு வரிசை. ஸ்பிங்க் நிறுவனம் வெளியிடும் இங்கிலாந்து நாணயங்களுக்கான தரப்பட்டியல் நூலின் வகைப்பாட்டை ஒட்டியே இவ்வரிசை பெரிதும் அமைகிறது. விவரச்சீட்டில் அரசர் பெயர், மதிப்பு, ஆண்டு, பட்டியல் எண், நிலைத்தரம், விலை ஆகியவை இருக்கும். கிடைத்த இடம் பெரும்பாலும் இராது. காசு முன்னர் யாரிடம் இருந்தது என்பது, புகழ்பெற்ற சேகரிப்பிலிருந்து வந்த காசாயின் மட்டுமே குறிக்கப்படும்.

முதன்மைத் தட்டுகளுக்கு அப்பால் மேசையின் ஓரத்தில் வேறொரு வகைச் சரக்கும் உண்டு. 1920-க்கு முற்பட்ட வெள்ளிக் காசுகள், 1920 முதல் 1946 வரையிலான காசுகள் எனப் பிரிக்கப்பட்டு அவை எடைக்கு விற்கப்படும். அரசரின் பெயரோ ஆண்டின் அருமையோ அங்கு பொருட்டல்ல. வெள்ளியின் அளவே விலையை முடிவு செய்யும். ஒரே மேசையில் காசு ஒருபுறம் கலைப்பொருளாகவும் மறுபுறம் உலோகமாகவும் விற்கப்படுவது, நாணயத்தின் இரட்டை இயல்பைத் தெளிவாகக் காட்டுகிறது.

3. வெள்ளியின் அளவும் எஞ்சியவற்றின் வரலாறும்

மேற்கூறிய ஆண்டுப் பிரிவுகளுக்குப் பின்னால் பொருளாதார வரலாறு உள்ளது. 1816-இல் நிகழ்ந்த நாணயச் சீரமைப்பின்போது, ஒரு டிராய் பவுண்டு எடையுள்ள 92.5 விழுக்காட்டு வெள்ளியிலிருந்து 62 ஷில்லிங்குக்குப் பதிலாக 66 ஷில்லிங் அச்சிட விதிக்கப்பட்டது. ஒரு டிராய் பவுண்டுக்கு 12 அவுன்ஸ். ஆகவே ஓர் அவுன்ஸ் வெள்ளி ஐந்தரை ஷில்லிங்காக, அதாவது 66 பென்சாக, நாணய வடிவில் மதிப்புப் பெற்றது. சந்தையில் அவுன்ஸ் விலை 66 பென்சுக்குக் கீழ் இருக்கும்வரை ஷில்லிங்கை உருக்குவதில் ஆதாயமில்லை. வெள்ளிக் காசு தங்கத்திற்குத் துணையான அடையாளக் காசாக நிலைபெற இவ்விடைவெளியே காரணமாயிற்று.

முதல் உலகப் போரை அடுத்து இவ்விடைவெளி மறைந்தது. 1920 பிப்ரவரியில் வெள்ளி விலை அவுன்ஸுக்கு 89 பென்சைக் கடந்தது. காசின் முகமதிப்பைவிட அதன் உலோக மதிப்பு உயர்ந்த நிலையில், அதே ஆண்டில் வெள்ளியின் அளவு 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற வெள்ளியைத் திருப்பித் தரவேண்டிய தேவை எழவே, 1947 முதல் வெள்ளி முற்றிலும் நீக்கப்பட்டுச் செம்பு-நிக்கல் கலவை புகுந்தது. பழைய வெள்ளிக் காசுகள் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டன. 1980-இன் தொடக்கத்தில் உலகச் சந்தையில் வெள்ளி விலை திடீரென உயர்ந்தபோது தனியாரிடமிருந்த காசுகளும் உருக்குலைக்குச் சென்றன.

இதனால் பெறப்படுவது யாது? ஒரு தட்டில் குறிப்பிட்ட ஓர் ஆண்டின் ஷில்லிங் மிகுதியாகவும் மற்றோர் ஆண்டின் ஷில்லிங் அரிதாகவும் காணப்படுவதைக் கொண்டு அவ்வாண்டுகளில் அச்சிடப்பட்ட அளவை ஊகிக்க இயலாது. அச்சிடல், திரும்பப் பெறல், உருக்கல், ஒளித்து வைத்தல், சேகரிப்பாளர் தேர்வு ஆகிய ஐந்து படிகளையும் கடந்தவையே தட்டில் உள்ளன.

4. நிலைத்தரமும் தேய்மானமும்

சேகரிப்பாளர் காசின் விலையை அறுதியிடும் அளவுகோல் நிலைத்தரம். ‘ஃபைன்’, ‘வெரி ஃபைன்’, ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’, ‘அன்சர்க்குலேட்டட்’ எனப் படிப்படியாக உயரும் இத்தரவரிசையின் உச்சியில் இருப்பது புழக்கத்திற்கே செல்லாத காசு. ஒரே ஆண்டு, ஒரே மதிப்புடைய இரு காசுகளுள் தேயாத ஒன்று தேய்ந்ததைப்போல் பன்மடங்கு விலை பெறும்.

இதன் எல்லையை 1933-ஆம் ஆண்டுப் பென்னி காட்டுகிறது. அவ்வாண்டில் புழக்கத்திற்குப் புதிய பென்னி தேவைப்படவில்லை. கட்டடங்களின் அடிக்கல்லின்கீழ் வைக்கவும் அருங்காட்சியகங்களுக்கு அளிக்கவும் மிகச் சில காசுகளே அச்சிடப்பட்டன. அறியப்பட்டவை பத்துக்கும் குறைவு. பிரித்தானியச் சேகரிப்பாளர் உலகில் இதனினும் பெயர்பெற்ற செப்புவகைக் காசு இல்லை எனலாம். ஆனால் இக்காசு கொண்டு எவரும் ரொட்டி வாங்கவில்லை, கூலி பெறவில்லை. பணமாக இயங்காத காசே பணத்தைச் சேகரிப்போரிடம் உயர்ந்த இடம் பெற்றிருக்கிறது.

வரலாற்றாய்வாளரின் அளவுகோல் இதற்கு மறுதலையானது. 1797-இல் மாத்யூ போல்டன் தம் சோஹோ அக்கசாலையில் நீராவி ஆற்றலால் அச்சிட்ட செப்புப் பென்னி சரியாக ஓர் அவுன்ஸும், இரு பென்ஸ் காசு இரண்டு அவுன்ஸும் எடையுள்ளவை. அகன்று உயர்ந்த விளிம்பால் ‘வண்டிச் சக்கரம்’ எனப் பெயர் பெற்ற இக்காசுகளில், விளிம்பில் அடிபட்டும் முகம் தேய்ந்தும் கிடைப்பவை தட்டில் மலிவானவை. அவற்றின் எடையை ஓர் அவுன்ஸோடு ஒப்பிட்டால், எவ்வளவு உலோகம் கைகளில் தேய்ந்து போயிற்று என்பதைக் கணக்கிடலாம். தேயாத காசு அச்சுத் தொழிலைப் பற்றி மட்டுமே பேசும். தேய்ந்த காசோ அதனைக் கையாண்ட மக்களைப் பற்றியும் பேசும்.

ஷில்லிங்கின் நெடிய வாழ்வும் இதற்குச் சான்று. அதன் அளவு மாறாமையால், 1968-இல் வந்த ஐந்து பென்ஸ் காசு அதே அளவில் அமைக்கப்பட்டது. 1971 பிப்ரவரி 15-இல் தசம முறை நடைமுறைக்கு வந்த பின்னரும் பழைய ஷில்லிங் ஐந்து பென்ஸாகவே 1990 இறுதிவரை செல்லுபடியாயிற்று. ஆகவே ஒரு ஷில்லிங்கின் தேய்மானம் அதன் மீதுள்ள அரசரின் ஆட்சிக்காலத்தை அளப்பதன்று. பல ஆட்சிகளைக் கடந்த புழக்கத்தை அளப்பது.

அண்மைக் காலத்தில் காசுகளை நெகிழிப் பெட்டியில் முத்திரையிட்டு நிலைத்தரச் சான்றளிக்கும் முறை பரவியுள்ளது. போலிகளைத் தடுப்பதில் இது பயனுடையது. எனினும் பெட்டிக்குள் இருக்கும் காசை நிறுக்க இயலாது. அதன் ஓரத்தையும் பெரும்பாலும் முழுமையாகக் காண இயலாது. எடையும் ஓரமும் ஆய்வுக்கு இன்றியமையாத கூறுகள் என்பது நினைக்கத்தக்கது.

5. ஆட்சியாளர்வழி வகைப்பாடு மறைப்பவை

ஒரு நாணயத்திற்கு ஐந்து இடங்கள் உண்டு: உலோகம் வந்த இடம், அச்சிடப்பட்ட இடம், எந்த அதிகாரத்தின் பெயரால் வெளியிடப்பட்டதோ அவ்வதிகாரத்தின் இருப்பிடம், புழங்கிய இடம், இறுதியாகக் கிடைத்த இடம். கண்காட்சியின் வகைப்பாடு இவற்றுள் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றைத் தள்ளிவிடுகிறது.

உலோகம் வந்த இடத்தைச் சில காசுகள் தாமே அறிவிக்கின்றன. 1663-இல் தொடங்கிய கினி என்னும் தங்கக் காசு, ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரையின் பெயரைத் தாங்கியது. அடிமை வணிகத்தில் ஈடுபட்ட ஆப்பிரிக்கக் கம்பெனி தந்த தங்கத்தால் அச்சிடப்பட்டவற்றில் அரசரின் தலைக்குக் கீழ் யானை உருவம் காணப்படும். 1729 முதல் இரண்டாம் ஜார்ஜின் சில தங்கக் காசுகளில் ‘இ.ஐ.சி.’ என்னும் எழுத்துகள் உள்ளன. அவை கிழக்கிந்தியக் கம்பெனி அளித்த தங்கத்தைக் குறிப்பவை. தட்டின் சீட்டில் இக்குறிகள் விலையை உயர்த்தும் வேறுபாடுகளாகவே இடம்பெறுகின்றன. ஆய்வாளருக்கோ அவை பேரரசின் உலோக வரவைக் காட்டும் கணக்குக் குறிப்புகள்.

1804-ஆம் ஆண்டு இங்கிலாந்து வங்கியின் ஐந்து ஷில்லிங் டாலர் மற்றொரு சான்று. அது ஸ்பானிய அமெரிக்க வெள்ளிக் காசுகளின் மீதே சோஹோவில் மறு அச்சிடப்பட்டது. சில காசுகளில் அடியிலிருந்த ஸ்பானியக் காசின் எழுத்துச் சுவடுகள் இன்றும் தெரிகின்றன. மூன்றாம் ஜார்ஜின் தட்டில் கிடக்கும் அக்காசின் உடல் அமெரிக்கச் சுரங்கத்தினது.

புழங்கிய இடம் மறைவதற்குத் தக்க சான்று அரைப் பார்த்திங். ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கான இச்சிறு செப்புக் காசு 1828-இல் இலங்கைக்கென முதலில் அச்சிடப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தில் 1842-இல்தான் செல்லுபடியாக்கப்பட்டது. அதனினும் சிறிய காற்பார்த்திங் 1839-இலும் 1851 முதல் 1853 வரையிலும் இலங்கைப் பயன்பாட்டிற்கென வெளிவந்தது. 1825-இல் ஸ்டெர்லிங் முறை இலங்கையில் புகுத்தப்பட்டபோது, ஒரு பார்த்திங்கே அங்குள்ள அன்றாடச் சில்லறை வணிகத்திற்குப் பெருந்தொகையாக இருந்தமை இக்காசுகளின் மதிப்பிலிருந்து புலனாகிறது. 1872-இல் நூறு சதம் கொண்ட ரூபாய் முறை வந்ததும் இலங்கையில் இவற்றின் தேவை ஒழிந்தது. இக்காசுகளில் இலங்கையின் பெயர் எங்கும் இல்லை. அரசரின் தலையும் ஆங்கில எழுத்துமே உள்ளன. எனவே இவை தட்டில் ‘பிரித்தானியச் செம்பு’ என்னும் பிரிவிலேயே அமர்கின்றன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சந்தைப் பெண்கள் முந்தானையில் முடிந்திருக்கக்கூடிய காசு, இலண்டன் சில்லறையாகத் தோற்றம் பெறுகிறது.

6. அட்மிரல் கார்ட்னர் காசுகள்

அரைப் பார்த்திங்குக்கு நேர்மாறான நிலை சென்னை மாகாணத்துக் காசுகளுடையது. கிழக்கிந்தியக் கம்பெனி 1803-இலும் 1808-இலும் சென்னை மாகாணத்திற்கான செப்புக் காசுகளைச் சோஹோ அக்கசாலையில் அச்சிடச் செய்தது. 1808-ஆம் ஆண்டின் பத்துக் காசும் இருபது காசும் ஒரு பக்கத்தில் கம்பெனியின் மரபுச்சின்னத்தையும், மறுபக்கத்தில் பாரசீக வாசகத்தையும், உரோம எண்ணுடன் ‘காசு’ என்னும் சொல்லின் ஆங்கில வடிவத்தையும் தாங்கியவை. இருபது காசின் பாரசீக வாசகம், இருபது காசு நான்கு ஃபலூஸ் எனப் பொருள்படுவது.

இவ்விடத்தில் ஒன்று சிறப்பாக நோக்கத்தக்கது. ஆங்கில வடிவமாக அதில் உள்ள சொல், போர்த்துகீசியர் வாய்வழி ஐரோப்பியருக்குச் சென்ற தமிழின் ‘காசு’. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்னும் சென்னைக் கணக்கு முறையே அதன் பின்னணி. தமிழ்ச் சொல் காசின் மீது இருக்கிறது. தமிழ் எழுத்து இல்லை. ஏறத்தாழ அதே காலத்தில் சென்னை அக்கசாலையில் அச்சிடப்பட்ட கால் வராகன், அரை வராகன் வெள்ளிக் காசுகளில் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கும் இடம்பெற்றுள்ளன. அச்சிடப்பட்ட இடம் மாறியபோது எழுத்தும் மாறியிருப்பதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

1808-ஆம் ஆண்டுக் காசுகள் நிரம்பிய பீப்பாய்களுடன் இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்னும் கப்பல், 1809 ஜனவரியில் புயலில் சிக்கிக் கென்ட் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அதன் சிதைவிலிருந்து காசுகள் பெருந்தொகையாக மீட்கப்பட்டு வணிகத்திற்கு வந்தன. இன்று இங்கிலாந்தின் கண்காட்சிகளில் மிக எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும் கம்பெனிக் காசுகளுள் இவை அடங்கும். இவை வைக்கப்படும் தட்டோ ‘இந்தியா’ அல்லது ‘கிழக்கிந்தியக் கம்பெனி’ என்னும் பெயருடையது.

இங்குள்ள முரண் தெளிவானது. பர்மிங்காமில் அச்சாகி, கென்ட் கடலில் மூழ்கி, அங்கேயே மீட்கப்பட்டு, ஆங்கிலேய வாங்குநரிடம் விற்கப்படும் காசு ‘இந்தியக் காசு’ எனப்படுகிறது. இலங்கையில் கைமாறித் தேய்ந்த காசு ‘பிரித்தானியக் காசு’ எனப்படுகிறது. முன்னது ஒருநாளும் இந்தியக் கரையைக் கண்டதில்லை.

இது பெயரளவிலான சிக்கல் மட்டுமன்று. ஆய்வு முடிவையே பாதிக்கவல்லது. இன்று வணிகத்தில் 1808-ஆம் ஆண்டுக் காசுகள் மலிந்திருப்பதைக் கண்டு, சென்னை மாகாணத்தில் அவ்வாண்டுக் காசுகளின் புழக்கம் பிற ஆண்டுகளைவிட மிகுந்திருந்தது என முடிவு கட்டுவது பிழையாகும். கடலடியில் கிடந்தவை புழக்கத்தின் கணக்கில் சேரா. அதே ஆண்டுக்குரிய காசுகள் வேறு வழியில் சென்னையை அடைந்து புழங்கியும் உள்ளன. இரு வகையையும் கண்ணால் பெரும்பாலும் வேறுபடுத்தலாம். புழங்கிய காசில் உருவத்தின் மேடான பகுதிகள் முதலில் தேய்ந்து, பள்ளங்களில் நுட்பம் எஞ்சியிருக்கும். கடலில் அரிக்கப்பட்ட காசில் மேடு பள்ளம் என்னும் வேறுபாடின்றிப் பரப்பு முழுவதும் பொளிந்து காணப்படும். பீப்பாயின் நடுவே காப்புற்றவை புழக்கத் தேய்மானமே இன்றிக் கூர்மையுடன் இருக்கும். ஆயின் துப்புரவு செய்யப்பட்டு, சீட்டு நீக்கப்பட்டு, மூன்று நான்கு கைகள் மாறித் தமிழகச் சேகரிப்பொன்றில் இக்காசு வந்து சேருமாயின், அது உள்ளூரில் கிடைத்ததாகவே கருதப்பட வாய்ப்புண்டு.

7. கிடைப்பிடமும் சட்டமும்

இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொன் அல்லது வெள்ளிக் காசுகள் ஒரே கிடைப்பில் இரண்டோ அதற்கு மேலோ இருப்பின் அவற்றை அறிவிக்க வேண்டும் என விதிக்கிறது. பிற உலோகமாயின் பத்துக் காசுகள். தனியாகக் கிடைக்கும் ஒற்றைக் காசு பொதுவாக இவ்விதிக்குள் வருவதில்லை. அதனைப் பதிவு செய்வது கண்டெடுத்தவரின் விருப்பத்தைப் பொறுத்தது. இதற்கெனத் தொல்பொருள் பதிவுத் திட்டம் ஒன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தின் மேலாண்மையில் இயங்கி வருகிறது. இத்திட்டத்தில் பதிவான காசு, விற்பனைத் தட்டுக்குப் போய்விட்டாலும் அது கிடைத்த இடம் தரவாக எஞ்சும். பதிவாகாத காசோ தட்டை அடைந்த கணத்தில் தன் வரலாற்றின் பாதியை இழந்துவிடுகிறது.

இந்நிலையில் சேகரிப்பாளரின் பொறுப்பு சிறிதன்று. பழைய சேகரிப்பாளர்கள் தம் கைப்பட எழுதிவைத்த சிறு வட்டச்சீட்டுகள் காசுடன் சேர்ந்து வருமாயின், அவற்றைக் காக்க வேண்டும். எங்கே, எப்போது, யாரிடம் வாங்கப்பட்டது என்பதைச் சேகரிப்பாளரே எழுதிச் சேர்க்க வேண்டும். காசை வாங்குபவர் அதன் உடைமையாளராவது சிறிது காலமே. அவருக்குப் பின் அக்காசைக் காண்பவருக்கு எஞ்சுவது அச்சீட்டு மட்டுமே.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

• நாணயக் கண்காட்சியின் தட்டு ஒரு காலத்தின் புழக்கத்தைப் பிரதிபலிப்பதில்லை. உருக்கல், திரும்பப் பெறல், சேகரிப்பாளர் தேர்வு ஆகியவற்றுக்குப் பின் எஞ்சியதையே காட்டுகிறது.

• சேகரிப்பாளர் போற்றும் தேயாத காசு அச்சுத் தொழிலுக்குச் சான்று. அவர் ஒதுக்கும் தேய்ந்த காசே புழக்கத்திற்குச் சான்று. மலிவு விலைத் தட்டுகளே பொருளாதார வரலாற்றாய்வாளர் முதலில் நாட வேண்டியவை.

• ஆட்சியாளர்வழி வகைப்பாடு இலங்கைப் புழக்கக் காசைப் பிரித்தானியக் காசாகவும், இந்தியாவை அடையாத காசை இந்தியக் காசாகவும் காட்டுகிறது. ஆய்வாளர் ஐந்து இடங்களையும் தனித்தனியே வினவ வேண்டும்.

• தமிழகத்துத் தனியார் சேகரிப்புகளிலும் அருங்காட்சியகங்களிலும் உள்ள 1808-ஆம் ஆண்டுக் கம்பெனிச் செப்புக் காசுகள், கடல்மீட்பா உள்ளூர்க் கிடைப்பா என ஒவ்வொன்றாகப் பரிசோதித்துப் பதிவு செய்யப்பட வேண்டும். பரப்பின் அரிப்பும் எடையும் நினைவில் உள்ளோரின் சாட்சியமும் கிடைக்கும் இத்தலைமுறையிலேயே இப்பணி தொடங்கப்படுதல் இன்றியமையாதது.